கண்ணாடிக்குள் படுத்திருந்தவர்

என் அக்கா வீட்டுக்காரர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். இப்படி ஒரே வரியில் சொல்லி முடித்தால் அவருக்குக் கோபம் வரும். மெத்தையா விற்கிறேன், மனுஷனோட முதுகைக் காப்பாத்துறேன் என்பார். கடைப் பலகையில் கடையின் பெயரை விடப் பெரிய எழுத்தில் 'உங்கள் முதுகுக்கு நாங்கள் பொறுப்பு' என்று எழுதியிருக்கும். அதே வாசகத்தை நோட்டீஸாக அடித்துக் கொடுத்தது நான் வேலை பார்க்கும் அச்சகம்தான். "பொறுப்புன்னு போட்டா நாளைக்கு எவனாவது சட்டையைப் பிடிப்பான் அத்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கு வியாபாரம் தெரியாது" என்றார். அது உண்மைதான், எனக்குத் தெரியாது.

கடைக்குள் யார் நுழைந்தாலும் அத்தான் முதலில் மெத்தையைக் காட்டமாட்டார். "குப்புறப் படுங்க" என்பார். வந்தவர் ஒற்றைத் தலையணை உறை வாங்க வந்திருக்கலாம், சும்மா மழைக்கு ஒதுங்கியிருக்கலாம், அதெல்லாம் கணக்கில்லை. படுத்தாக வேண்டும். இதற்கென்றே நடுக்கடையில் ஒரு கட்டில் உண்டு. படுத்தவரின் பிடரியில் ஆரம்பித்து, கட்டைவிரலால் ஒவ்வொரு எலும்பாக அமுக்கிக்கொண்டே கீழே வருவார். ஓர் இடத்தில் நிறுத்தி, தன் உடம்புப் பாரத்தையெல்லாம் அந்த விரலில் ஏற்றி, "இங்கதானே வலிக்குது?" என்பார். அந்த அமுக்கு அமுக்கினால் கட்டிலுக்கே வலிக்கும். அவர்களும் ஆமாம் என்பார்கள். உடனே ஒரு பெருமூச்சு விடுவார். "பாவம், எத்தனை வருஷமா இதைச் சுமந்துட்டிருக்கீங்க?" அதற்கப்புறம் ஆள் மெத்தை வாங்காமல் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

ஊர் அவருக்கு முதுகு டாக்டர் என்று பெயர் வைத்தது. நானும் அக்காவும் எங்களுக்குள் தண்டுவடம் என்போம். "தண்டுவடம் சாப்பிட்டாச்சா?" என்று நான் போனில் கேட்பேன். "இப்பத்தான் கை கழுவுது" என்பாள் அக்கா. எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, பிணத்தை எடுக்கும் முன்னாலேயே, இறந்தவர் எந்த மாதிரி மெத்தையில் படுத்திருந்தார் என்று விசாரித்த மனிதர் அவர். "கடைசிக் காலத்துல கொஞ்சம் நல்லதா வாங்கிப் போட்டிருக்கலாம்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டுப் பெண்கள் அதற்கும் சேர்த்து அழுதார்கள்.

அத்தானுக்குச் சர்க்கரை உண்டு. அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், காபியில் சர்க்கரை போடாமல் குடிப்பது. அந்தக் காபியில் பிஸ்கட்டை முக்கி முக்கிச் சாப்பிடுவார். கேட்டால் பிஸ்கட் வேற, சர்க்கரை வேற என்பார். இப்படி இருக்கையில் பிடரியில் ஒரு கட்டி வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர் ஊசியை நெருப்பில் காட்டிக் குத்தி, இரண்டு கையாலும் பிதுக்கி எடுத்துவிட்டார். வெளியே வந்தது பாதி. மீதிப் பாதி ரத்தத்தோடு இறங்கிப் போய் முதுகெலும்பில் குடித்தனம் வைத்துவிட்டது என்பது பின்னால் தெரிந்த கதை. ஊரில் அத்தனை முதுகு இருக்க, அந்தக் கிருமிக்கு வாடகைக்குக் கிடைத்தது இந்த முதுகு.

கட்டி ஆறிய கொஞ்ச நாளில் இடுப்புக்குச் சற்று மேலே வலி ஆரம்பித்தது. அத்தான் மெத்தையை மாற்றினார். கடினமான மெத்தை போட்டார், ஸ்பிரிங் மெத்தை போட்டார், பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் பலகையில் படுத்தார். சாதாரணப் பிடிப்பு என்றால் படுத்தால் கொஞ்சமாவது அடங்கும். இது படுத்தாலும் அடங்கவில்லை, புரண்டாலும் அடங்கவில்லை. சாயங்காலமானால் குளிர் எடுத்து உடம்பு கொதித்தது. ஆள் பாதியாக இளைத்தார். அக்கா டாக்டரிடம் போகலாம் என்றாள். "முதுகு டாக்டருக்கே முதுகுவலின்னா நாளைக்கு எவன் கடைக்கு வருவான்? வெளியில மூச்சு விடாத" என்றார்.

அக்கா என்னிடம் மட்டும் மூச்சு விட்டாள். நான் நேரே போய்ச் சண்டை போட்டேன். "உங்க முதுகு பெருசா, அந்தக் கடைப் பெயர்ப்பலகை பெருசா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார் பாருங்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. கடைசியில், சரி, டாக்டரைப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

பார்க்கவும் செய்தார். தெருக்கோடி க்ளினிக் டாக்டர் அவரிடம் மெத்தை வாங்கியவர். காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டு உடம்பைத் தணித்துக்கொண்டு, தலையை வழித்துச் சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். என் நண்பர் ஒருத்தருக்கு முதுகுவலி" என்று ஆரம்பித்தாராம். இதைப் பின்னாளில் அந்த டாக்டரே தலையில் அடித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்.

"நண்பருக்குக் காய்ச்சல் இருக்கா?"

"சாயங்காலம் மட்டும் லேசா."

"படுத்தா வலி குறையுதா?"

"இல்லைங்கறான்."

"சர்க்கரை?"

"இருக்குன்னு சொல்லிக்கிறாங்க."

"அப்போ இது மெத்தை விஷயம் இல்லீங்க. முதுகெலும்புல கிருமி தங்கியிருக்கலாம். முதல்லயே கண்டுபிடிச்சா பெரும்பாலும் மருந்துலயே சரியாயிடும். உடனே ரத்தம் பாக்கணும், ஸ்கேன் எடுக்கணும். முக்கியமா ஒண்ணு சொல்லுங்க. கால்ல பலம் குறையற மாதிரி தெரிஞ்சா அப்படியே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடணும். உள்ள சீழ் கட்டி நரம்பை அமுக்கிட்டா கால் போயிடும்."

"சொல்றேன் டாக்டர். ஆனா ரொம்பப் பிடிவாதக்காரன், கேக்கணுமே."

அத்தான் தன்னைப் பற்றி வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அது. வீட்டுக்கு வந்து அக்காவிடம், "டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்" என்றார். அவ்வளவுதான். நண்பருக்குச் சொன்ன புத்திமதி நண்பரோடு போயிற்று.

மாத்திரைக்கு இருக்கவே இருக்கிறார் மருந்துக்கடை சிநேகிதர். கிருமியைக் கொல்லும் மாத்திரை அட்டையைக் கத்தரியால் பாதியாக வெட்டிக் கொடுப்பார். காய்ச்சல் விட்டால் நிறுத்து, வந்தால் மறுபடி போடு என்பது அவருடைய மருத்துவச் சாஸ்திரம். அத்தானும் வீட்டில் வந்து தங்கிவிட்ட சம்பந்தியைக் கவனிப்பதுபோல அந்தக் கிருமியைக் கவனித்தார். ஒருநாள் விரட்டினார், மறுநாள் விட்டுப் பிடித்தார்.

அடுத்து நடந்ததை இன்னொருவர் சொன்னால் நான் நம்பமாட்டேன். கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குள் தெருவைப் பார்த்து ஒரு பெரிய கட்டில், அதன்மேல் கடையிலேயே உசத்தியான மெத்தை. கல்லாவில் உட்கார முடியாமல் போனதும் அத்தான் அந்த மெத்தையில் ஏறிப் படுத்துக்கொண்டார். வீட்டில் படுத்தால் நோயாளி, கடையில் படுத்தால் விளம்பரம் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்துத் தொலைத்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். வலி தாங்காமல் மனிதர் பல்லைக் கடிப்பார், கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பது மாதிரியே இருக்கும். முதலாளியே இப்படிச் சொக்கிப்போய்க் கிடக்கிறார் என்றால் மெத்தை எப்படி இருக்கும் என்று உள்ளே வந்தார்கள்.

"எப்படிங்க இருக்கு இந்த மெத்தை?"

"படுத்தா எந்திரிக்கவே முடியல" என்பார் அத்தான்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அப்படி மெத்தை விற்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அக்கா ஒருத்தியே அளவு பார்த்து, உறை போட்டு, ஆட்களை ஏவி, பில் போட்டு, நடுநடுவே கண்ணாடிக்குள் போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அச்சகத்துக்குப் போகிற வழியில் கண்ணாடியைத் தட்டி, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று வாயசைப்பேன். அவர் படுத்தபடியே கையை வீசி, போ போ, வியாபார நேரம் என்பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடியை உடைத்திருக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் காலையில், நான் அப்போதுதான் அச்சகத்தில் மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அக்கா போன் செய்தாள். "கொஞ்சம் கடைக்கு வா" என்றாள். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தால் அத்தான் கண்ணாடிக்குள் அதே கட்டிலில் கிடக்கிறார். காலையில் கடை ஆட்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் இரண்டு காலும் அசையவில்லை. முந்தின நாளிலிருந்து சிறுநீரும் போகவில்லை, அடிவயிறு கல்லாக இருந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று அவரை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஆம்புலன்ஸுக்குப் போனை எடுத்தேன். "வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கால்தான் செத்திருந்தது, கையில் பிடி உடும்புப்பிடி. "அந்த வண்டி கடை வாசல்ல வந்து நின்னா எல்லாம் முடிஞ்சுது. நம்ம டெலிவரி வண்டியை எடுக்கச் சொல்லு. மெத்தையோட தூக்குங்க. மேல உறையைப் போட்டு மூடுங்க."

அட, சாகப் போகும்போதும் இந்த மூளைக்கு ஓய்வில்லையே என்று நினைத்தேன். ஆனால் வாதாட நேரம் இல்லை, மனிதர் கையையும் விடவில்லை. முகத்துக்கு மட்டும் இடைவெளி விட்டு உறையைப் போர்த்தினோம். சுமை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர், அக்கா, நான், நாலு மூலையிலும் நாலு பேர் பிடித்துத் தூக்கினோம். மெத்தை நடுவில் தொட்டில் மாதிரி வளைந்தது. உள்ளே அத்தான் சத்தம் போடாமல் முனகினார். வாசலைத் தாண்டும்போது பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இந்த மெத்தை எங்க போகுது?"

"பெரியாஸ்பத்திரிக்கு" என்றார் சுமை தூக்கும் ஆள், வாய் தவறி.

"அடேங்கப்பா, ஆஸ்பத்திரிக்கே சப்ளையா?"

உறைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. எனக்கு மட்டும் கேட்டது. "ஆமான்னு சொல்லு."

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

அவசரப் பிரிவில் நோயாளி எங்கே என்று கேட்டார்கள். மெத்தையைக் காட்டினோம். முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் ஒரு அம்மா. குள்ளமான ஆள், முகத்தில் தூக்கம் பாக்கி இருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, எப்படி அழைத்து வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். "முதுகெலும்பு அரிச்சுப்போய் ரெண்டு எலும்புக் கட்டை ஒண்ணுமேல ஒண்ணு சரிஞ்சு நிக்குது. அதைத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஸ்கேன் படத்தை விளக்கு முன்னால் வைத்துக் காட்டினார். இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய மெத்தென்ற வட்டு அழுகிக் கரைந்திருந்தது. அங்கிருந்து சீழ் பின்னால் வழிந்து, காலுக்குப் போகும் நரம்புகளை எல்லாப் பக்கமும் நெருக்கிக்கொண்டிருந்தது. "எல்லாருக்கும் கத்தி வைக்க மாட்டோம். நிறைய பேர் மருந்துலயே குணமாயிடுவாங்க. நரம்பு நசுங்கினா, எலும்பு சரிஞ்சா, மருந்துக்குக் கேக்கலைன்னா ஆபரேஷன். உங்களுக்கு முதல் ரெண்டுமே இருக்கு. பின்பக்கமா திறந்து சீழை எடுக்கணும், அழுகினதைச் சுரண்டி எடுத்துட்டு வேற எலும்பு வெக்கணும், சரியாம இருக்க ஸ்க்ரூ போட்டுக் கம்பி வெக்கணும். இப்பவே."

அத்தான் படுத்தபடியே சாவகாசமாகக் கேட்டார். "ஒரு நல்ல கடின மெத்தையில படுத்து, ஊசி போட்டா ஆகாதா டாக்டர்? நான் இந்தத் துறையிலதான் இருக்கேன்."

"எந்தத் துறை?"

"முதுகு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. அத்தான் விடுவாரா. சிநேகிதரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று போனை வாங்கி மருந்துக்கடைக்கு அடித்தார். ஆபரேஷன் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், அந்தப் புண்ணியவான், "அண்ணே, நான் மாத்திரை குடுத்தேன்னு மட்டும் அங்க சொல்லிடாதீங்க" என்று வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. டாக்டர் அம்மா என்ன மாத்திரை என்று அக்காவிடம் விசாரித்துக் குறித்துக்கொண்டார். அரைகுறையாக மருந்து போட்டால் கிருமி சாகாமல் ஒளிந்துகொள்ளும், எந்தக் கிருமி என்று பரிசோதனையில் பிடிப்பதும் கஷ்டமாகிவிடும் என்றார்.

"முதுகுல கம்பி வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கடையில நிப்பேன்? ஊர்ல என்ன பேசுவாங்க?" என்று அத்தான் மறுபடி ஆரம்பித்தார். டாக்டர் கால்மாட்டுக்குப் போனார்.

"கண்ணை மூடிக்குங்க. உங்க காலைத் தொடப் போறேன். தொட்டதும் சொல்லுங்க."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கவனமாகக் காத்திருந்தார். டாக்டர் இடது பாதத்தைத் தொட்டார். பிறகு கணுக்காலை. பிறகு ஒரு ஊசி முனையால் முழங்காலுக்குக் கீழே வரிசையாகக் குத்திக்கொண்டே வந்தார். வலது காலுக்குப் போனார். அக்காவின் விரல்கள் என் முழங்கையில் பதிந்தன.

"ம், தொடுங்க டாக்டர்" என்றார் அத்தான். "நான் ரெடிதான்."

அவர் கண்ணைத் திறந்தார். டாக்டரின் ஊசி அவருடைய காலில் பட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதுவரை முகத்தில் இருந்த முதுகு டாக்டர் எங்கேயோ காணாமல் போய்விட்டார். பயந்துபோன ஒரு நடுத்தர வயது மனிதர் அங்கே கிடந்தார். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். காட்டிய இடத்தில் போட்டார்.

அத்தானை எனக்குப் பிடிக்காது என்பதை நான் எந்தக் காலத்திலும் மறைத்ததில்லை. ஆனால் ஆபரேஷன் அறைக் கதவு மூடியதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த மனிதர் நடக்காமல் போனால் அக்காவின் கதி என்ன என்ற பயம்தான். எழுந்து நடமாடும்போதே அவரைச் சமாளிக்க அவளுக்கு இரண்டு கை போதாது. படுத்துவிட்டால், அப்பா சாமி. அக்கா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கி வந்த டீ அவள் கையிலேயே ஆறியது.

டாக்டர் வெளியே வந்தபோது முகமூடி அழுத்திய தடம் கன்னத்தில் இருந்தது. சீழ் எடுத்தாயிற்று, அழுகினதை எடுத்தாயிற்று, கம்பி வைத்தாயிற்று என்றார். "கால் வருமான்னு மட்டும் இப்போ கேக்காதீங்க. நரம்பு எவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்துச்சோ, அதைப் பொறுத்ததுதான் எல்லாம்."

எடுத்த சதையில் கிருமி வளர்ந்து அடையாளம் தெரியவே நாளாயிற்று. அதற்கப்புறம் வாரக் கணக்கில் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏறியது. முதலில் சிறுநீர் சரியாயிற்று. பிறகு வலது கால் பெருவிரல் அசைந்தது. அந்த விரலைப் பார்த்து அக்கா அழுதாள், பிள்ளை முதல் அடி வைப்பதைப் பார்க்கும் தாய்கூட அப்படி அழுதிருக்க மாட்டாள். வலது கால் முழுசாக வந்தது. இடது காலில் தொடை வந்தது, முழங்கால் வந்தது. பாதம் மட்டும் வரவில்லை. நடந்தால் முன்பாதம் தொங்கி, டப்பென்று தரையில் அடித்தது. அதைத் தூக்கிப் பிடிக்க, கெண்டைக்காலிலும் பாதத்திலும் பட்டை போட்டு இறுக்குகிற ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தார்கள்.

உயிர் திரும்பியதும் வாயும் திரும்பிவிட்டது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? கம்பி வைத்து முதுகைத்தான் நிமிர்த்த முடிந்தது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் முதல் புகார் ஆஸ்பத்திரி மெத்தையைப் பற்றி. இரண்டாவது, தன் முதுகிலிருக்கும் கம்பியின் பெருமை. "இது சாதாரண இரும்பு இல்ல, ராக்கெட்டுக்குப் போடுற உலோகம்" என்பார். முதுகெலும்புக் கிருமியைப் பற்றி அரை மணி நேரம் வகுப்பு எடுப்பார். "காய்ச்சலோட முதுகுவலி வந்தா அலட்சியமா இருக்கக் கூடாது. நான் பாருங்க, சரியான நேரத்துல முடிவெடுத்தேன்." இதைக் கேட்டபோது க்ளினிக் டாக்டரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அந்த நல்ல மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் நான் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன். வீடு திரும்பிக் கடைக்குப் போக ஆரம்பித்ததும் பாதத்தைப் பற்றிக் கேள்விகள் வந்தன. கம்பியைச் சட்டை மறைக்கும், தாங்கியையும் கடையில் கழற்றி ஒளித்துவிடுவார், டப் டப்பை எது மறைக்கும்? அதற்கும் ஒரு பதில் தயாரானது. "ஆபரேஷன் நல்லாத்தான் பண்ணாங்க. ஆனா பாதத்துக்குப் போற நரம்பை அந்தம்மா கவனிக்காம விட்டுட்டாங்க. அனுபவம் பத்தாது." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர் ஆட வைத்தவளையே கோணல் என்கிறார். அந்த அம்மா இல்லையென்றால் இந்த மனிதர் இன்றைக்குச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மெத்தை விற்றுக்கொண்டிருப்பார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ உறை தைக்கும் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுபரிசோதனைக்கு நாங்கள் மூவரும் போனோம். வழியெல்லாம் அத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார், இன்றைக்கு நேருக்கு நேர் கேட்டுவிடுகிறேன் என்று. டாக்டர் புது ஸ்கேனைப் பார்த்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, கிருமி இல்லை என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி டாக்டர். இந்தப் பாதம் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு. அதுக்கு என்ன பதில்?"

"நீங்க வரும்போதே ரெண்டு பாதமும் அசையலையே."

"அது அன்னைக்குக் காலையில திடீர்னு வந்தது. முந்தின நாள் வரைக்கும் ஓடியாடி வியாபாரம் பாத்துட்டிருந்தேன். ரெண்டு கால்ல ஒண்ணு வந்துச்சுன்னா இன்னொண்ணும் வந்திருக்கணும்ல? எங்கேயோ தப்பு நடந்திருக்கு."

"இல்ல டாக்டர்" என்றாள் அக்கா.

அவள் அந்த அறையில் வாயைத் திறப்பாள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அத்தான் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் கால் அதுக்கு நாலு நாள் முன்னாடியே போயிடுச்சு. நடக்கும்போது செருப்பு நிக்கல, கழண்டு கழண்டு விழுந்துச்சு. நான்தான் செருப்புக்குப் பின்னால எலாஸ்டிக் வெச்சுத் தைச்சுக் குடுத்தேன், உறைக்குப் போடுற எலாஸ்டிக். அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள என் தோளைப் பிடிச்சுத்தான் நடந்தாங்க."

எனக்கே அது புதுச் செய்தி. நாலு நாள். அந்த நாலு நாளும் மனிதர் கண்ணாடிக்குள் படுத்து, பல்லைக் கடித்து, மெத்தை விற்றிருக்கிறார்.

டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "அன்னைக்கே வந்திருந்தா கண்டிப்பா சரியாயிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பாதத்துக்கு நல்ல வாய்ப்பு இருந்துச்சு. இனிமே பெருசா எதிர்பார்க்காதீங்க. தாங்கியைப் போட்டுக்கிட்டு நடந்து பழகிக்குங்க."

வெளியே வந்தோம். நீளமான நடை, இரண்டு பக்கமும் பெஞ்சுகள், அவற்றில் முறைக்குக் காத்திருப்பவர்கள். தாங்கியின் பட்டை தளர்ந்திருந்ததோ என்னவோ, பாதி தூரம் டப் டப்பென்ற சத்தம் மட்டும் எங்களோடு வந்தது. சரி, இன்றைக்காவது இந்த மனிதருக்கு உறைத்திருக்கும் என்று நினைத்தேன். அத்தான் நின்றார். நின்று, அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"தெரிஞ்சிருந்தும் நீ சும்மா இருந்திருக்கியே. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"சொன்னேன்" என்றாள்.

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதாங்க. செருப்பைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். கால் சரியில்ல, வாங்க போவோம்னு சொன்னேன். தைச்சுக் குடுன்னீங்க."

அத்தான் திரும்பி நடக்கப் பார்த்தார், தாங்கியின் தளர்ந்த கீழ்ப்பட்டை விட்டுப்போய் நாக்கு மாதிரித் தொங்கியது. கம்பி வைத்த முதுகால் அவ்வளவு தூரம் கீழே குனிய முடியாது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். நானும் நின்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு நர்ஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். அக்கா அசையவில்லை.

"ஆமா" என்றார் அத்தான். "சொன்ன. நான்தான் கேக்கல."

அதற்கப்புறம்தான் அக்கா குனிந்தாள்.